நகர்ந்துபோன நொச்சி வேலி

பாலக்கரை,
திருச்சி.

அன்புள்ள அத்தாவுக்கு உங்கள் மகள் ஷாஜியா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம்தான், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நலமாக இருக்கிறோம். அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். போனில் சொல்ல முடியாது. நீங்கள் கூப்பிட்டாலே பெரியத்தா வந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நாளைக்கு நீங்கள் இருக்கும் தோஹாவுக்கே கிளம்பும் அடுத்த தெரு பாசில் அண்ணனிடம் முறுக்குப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன்.

வீடு கட்டுவதற்கு நீங்கள் வைத்திருக்கும் கொல்லைக்கும் பெரியத்தா இடத்துக்கும் நடுவில் நொச்சிக் குச்சி நட்டுவிட்டுப் போனீர்களே, அது நன்றாகப் பிடித்துவிட்டது. வாய்க்கால் கசிந்து எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் அந்த மண்ணில் மற்றதெல்லாம் அழுகிப்போனது, நொச்சி மட்டும் நீங்கள் மேடு கட்டி நட்டதால் என் உயரம் வந்து ஊதாப் பூவும் பூத்தது. போன மாதம் ஸ்கூல் விட்டு வரும்போது பார்க்கிறேன், பெரியத்தா சேற்றில் நின்று செடிகளைப் பிடுங்கி, அதிலேயே குச்சி ஒடித்து நம் பக்கம் நாலடி தள்ளி நட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஈர மண்ணுல நொச்சி தானா நடந்து போகும்மா, உங்க டீச்சர் சொல்லித்தரலையா?" என்றார். நம்மிடம் பிடுங்கிய நாலடியில் இப்போது அவர் வீட்டு கக்கூஸ் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். புழு நெளிகிறது அத்தா, காயப்போட்ட துணியெல்லாம் அந்த நாற்றம். அதைவிட, கழுவாத கையால் என் தலையைத் தடவி, "அத்தாகிட்ட ஏதாச்சும் உளறுனே, ப்ளஸ் டூவோட நிறுத்தி மாப்பிள்ளை பாத்துடுவேன்" என்றாரே, அன்று தலைக்கு எத்தனை தண்ணீர் ஊற்றியும் அந்த நாற்றம் போகவில்லை. அதே கையோடு ஜும்ஆ முடிந்து நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சாரா, கறி இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று கேட்டுச் சாப்பிடுகிறார். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "உங்கத்தாவுக்கு அண்ணன்னா உசுரு, பிரிச்சு விட்டவன்னு எனக்குப் பேர் வேணாம், பேசாம படி" என்கிறார்கள்.

பெரியத்தா ஒன்றில் ஏமாந்துவிட்டார். தோண்டாமல் பிடுங்கியதில் வேர் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. அந்தச் சாக்கடை ஈரத்தில் பழைய வரிசையிலேயே, கயிறு பிடித்தாற்போல் நேராகத் துளிர் வருகிறது. அவர் தினமும் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்து வந்து கிள்ளி எறிகிறார், மறுபடி வருகிறது. இப்போது அரியமங்கலம் பட்டறையிலிருந்து ஆசிட் கேன் கொண்டுவந்து வைத்திருக்கிறார், மழை விட்டதும் வேரோடு கருக ஊற்றுவார். நீங்கள் இருவரும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட இடம், அந்த வேரைத் தவிர நமக்கு வேறு சாட்சி இல்லை. அதனால் வீட்டுக்குப் போன் போடாமல், ஜமாஅத் தலைவரை நேராகக் கூப்பிட்டுத் துளிரைக் கண்ணால் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள், சாப்பாட்டை மிச்சம் பிடிக்காதீர்கள், அல்லாஹ் உங்களைச் சுகமாக வைப்பான். மறந்துவிடாதீர்கள் அத்தா, மழை விடுவதற்குள். யார் சொன்னது என்று பெரியத்தா கேட்டால் அம்மா பெயர் வேண்டாம், என் பெயரைச் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
ஷாஜியா