வெள்ளி முடிப் பிள்ளை

தேவதானம்,
ஞாயிறு.

மரியாதைக்குரிய வைகுண்டராஜ் மாமாவுக்கு, மாரீஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் அக்காவும் நலம். உங்கள் மகன் விஜயபாண்டிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? போனில் உங்களிடம் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அக்காவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அடிக்கடி காய்ச்சலில் விழும் பிள்ளையின் வெள்ளி முடியையும் டாக்டரிடம் காட்டலாமே என்று அவளிடம் மட்டும்தான் முணுமுணுத்தேன். குலசாமி கோயிலில் மொட்டை போடும்போது கத்தியை நிறுத்தச் சொல்லி, ஒரு கொத்து முடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். உங்கள் அண்ணன் வீரணன் மாமா, "ஏட்டி சிவரஞ்சனி, சாமிக்கு நேர்ந்ததுல பங்கு கேக்கியா?" என்று சத்தம் போட்டார். "சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அந்த முடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நிறம் பரவாமல் திட்டுத்திட்டாக நின்றிருந்தது. பிறகுதான் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்துவிட்டது. ராப்27ஏ என்ற புரதம் பிள்ளைக்கு வேலை செய்யவில்லை. செல்லுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பைகளை உரிய இடத்தில் சேர்ப்பது அது. முடிக்கு நிறம் தரும் பையும், கிருமி பிடித்த செல்லைக் கொல்லும் பையும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

வீரணன் மாமா சாமி குத்தம் என்றார். அக்கா, "ராஜபாளையம் மில்லுல நூல் கட்டை குமிஞ்சு கெடக்கும். தள்ளுவண்டிக்காரன் வரலைன்னா மிஷின் சும்மாதான நிக்கும்? அம்புட்டுத்தான்" என்றாள். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். அக்காவுக்கு ரத்தசோகை, எடுக்க முடியாது. அடுத்து நீங்கள்தான். "என் ரத்தமே கெட்டது, அதக் குடுத்து என்ன?" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அப்படி இல்லை மாமா. சொந்தத்துக்குள் கட்டியதால் உங்கள் இருவரிடமும் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் குறையுள்ள பிரதி ஒவ்வொன்று இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டுமே குறையுள்ளதாக வந்துவிட்டன; உங்களிடம் கூடவே நல்ல பிரதியும் இருக்கிறது. பிள்ளை பிழைக்க அது போதும். உங்கள் கருகரு மீசையே அதற்குச் சாட்சி. யார் பக்கத்துக் குறை என்ற பேச்சும் வேண்டாம். அம்மாவின் தம்பி நீங்கள், அம்மாவின் மகள் அக்கா. ஒரே வீட்டுக்குப் பக்கம் ஏது?

டாக்டர் அடுத்த மாதத்துக்குள் வரச் சொல்கிறார். இன்னொரு பெரிய காய்ச்சலைப் பிள்ளை தாங்காதாம்.

அக்கா உங்களை எதுவும் கேட்கச் சொல்லவில்லை. சமைக்கும்போதும் போனை இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் புறப்பட்டு வாருங்கள் மாமா. ஆண்டாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் அன்புக்குரிய
மாரீஸ்வரி