வெள்ளம் வடியாத கை

10 ஜூன் 2025, செவ்வாய்

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறதாம். நம் பேச்சில் பேசினால் கண்டதையும் எழுதுகிறதாம். மகள் பிரேமலா படித்துப் பார்த்துச் சொன்னாள். ஆகவே செய்தி வாசிக்கிறேன்.

வலது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நெருப்பு. ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கும் நாஸியா, "எப்பலேர்ந்து தாத்தா?" என்று கேட்டாள்.

வருஷத்தின் நம்பர் தெரியாது. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ஹரிராயா நோன்புப் பெருநாள் வந்த வருஷம். இரண்டுக்கும் எங்கள் பாட்டுக் குழுவுக்குக் கச்சேரி இருந்தது. அந்த வருஷக் கடைசியில் சிகாமட் ஆறு ஊருக்குள் வந்தது. மண்டபத்தில் நான் வாசிக்கும் பியானோ தண்ணீரில் நின்றது. காயவைத்து எடுத்தோம். கட்டைகள் உப்பிப்போய், ஓங்கிக் குத்தினால்தான் சத்தம் வந்தது. குத்தினேன். அடுத்த வெள்ளம் வந்து அதைக் குப்பைக்கு அனுப்பும்வரை குத்தினேன். இப்போது வீட்டில் கீபோர்டு.

"அதையுமா குத்துறீங்க?"

இல்லை என்றேன். அவள் என் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தாள். "கனத்த முழுசா என் மேல போடுங்க." போட்டேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

என் கை விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? வெள்ளம் வடிஞ்சது உங்க கைக்கு இன்னும் தெரியல," என்றாள். இப்படியே குத்தினால் சோறு பிசையக்கூட வராதாம்.

14 ஜூன்

ரெங்கம் ஊரிலிருந்து அய்யாவு போன் செய்தான். எங்கள் குழுவில் டோலக் அடிப்பவன். வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறான், குரலில் மூச்சு இல்லை, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"டேய் சடையா, கை போச்சாமே? என் கருமாதிக்கு யாருடா வாசிப்பா? ரேடியோவா?"

"நீ முதல்ல செத்துக் காட்டு."

"அதுக்குத்தான்டா முயற்சி பண்றேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு வலது கை விரல்களை மடக்கிப் பார்த்தேன். குழுவில் யார் போனாலும் கருமாதியன்று மிச்சம் இருப்பவர்கள் எங்கள் பாட்டை வாசிக்க வேண்டும். பிடில் வாசித்த வீரமுத்து போட்ட மெட்டு அது. எங்களில் முதலில் போனதும் அவன்தான், அவனுக்கே வாசித்தோம். இப்போது மிச்சம் அய்யாவு, நான், பாடுகிற சந்திரமதி. அய்யாவுக்கு வாசிக்காமல் விட்டால் நான் என்ன மனிதன்?

19 ஜூன்

நாற்காலியில் பலகை போட்டு உயர்த்தச் சொன்னாள் நாஸியா. முழங்கை கட்டைக்குச் சமமாக இருக்க வேண்டும். தோள் காதைத் தேடிப் போகக் கூடாது. விரலால் தள்ளாதே, கையின் கனத்தை விடு. வலி வரும் முன்னே நிறுத்து. வந்த பின்னே அல்ல, முன்னே. இதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

27 ஜூன்

அய்யாவுவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். பிரேமலா வேலைக்குப் போனதும் உட்கார்ந்து வாசித்தேன். காலை முழுக்க.

28 ஜூன்

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவி உடைந்தது. பிரேமலா துண்டுகளைப் பொறுக்கினாள். கீபோர்டின் கரண்டு ஒயரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். என் வீட்டில், என் மகள்! என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைச்சுக்கிட்டாளா?

3 ஜூலை

நாஸியா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இப்ப முதல்லேர்ந்து, தாத்தா. மேசை மேல கைய விழ வைங்க. அவ்ளோதான். பாட்டு இல்ல."

பாட்டு இல்லை.

16 ஜூலை

மேசையில் கையைப் போடுகிறேன், எடுக்கிறேன். பிசைந்த மாவைப் போட்ட மாதிரி சத்தம் வர வேண்டுமாம். எனக்கு விறகுக்கட்டையைப் போட்ட சத்தம்தான் வருகிறது. அய்யாவு கண் திறக்கவில்லை என்று அவன் மகன் சொன்னான்.

22 ஜூலை

விடியும்போது அய்யாவு போய்விட்டான்.

23 ஜூலை

அய்யாவுவைத் தூக்கிவிட்டு வந்தோம். சந்திரமதி என் கையைப் பார்த்தாள். "முடியலன்னா விடு அண்ணே. நான் சும்மாப் பாடிடுறேன்," என்றாள். "வாயை மூடு," என்றேன். அழுதுகொண்டிருந்தவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பிரேமலா ராத்திரி ஒயரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "பத்து நிமிஷம். நான் பக்கத்துல உக்காருவேன்."

2 ஆகஸ்ட்

ஒன்று தெரிந்துகொண்டேன். வலது கை பரவாயில்லை. பயம் இடது கையில். தாளம் போட அய்யாவு இல்லை. டோலக் நின்றுபோன இடத்தை நிரப்ப இடது கை தானாகக் குத்தப் பார்க்கிறது. அதைக் குத்தவிட்டால் வலதும் சேர்ந்து இறுகுகிறது. குத்தாவிட்டால் தாளம் எங்கே இருக்கும்? மெதுவாக வாசித்தால் மண்டபத்தில் யாருக்குக் கேட்கும்?

6 ஆகஸ்ட்

கருமாதி முடிந்தது.

அய்யாவு படத்துக்கு முன்னால் டோலக்கை வைத்திருந்தார்கள். பலகை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். கீபோர்டில் கை வைத்தேன். முதல் அடியிலேயே இடது கை உயரே போனது, குத்தத்தான். எதிரே டோலக் சும்மா இருந்தது. சரி, உன் இடம் காலியாகவே இருக்கட்டும்டா என்று நினைத்தேன். கையை விட்டேன். விழுந்தது. சத்தம் சின்னதாக, உருண்டையாக வந்தது.

அதன் மேல் சந்திரமதி பாடினாள். இரண்டாவது அடியில் குரலில் ஒரு சின்ன வளைவு எடுத்தாள். அதை நான் கேட்டதே இல்லை. மண்டபத்தில் விசிறி சுற்றும் சத்தமும் அவளும்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வளைவு எப்பக் கத்துக்கிட்ட?"

"அடப்பாவி அண்ணே! வெள்ளம் வந்த வருஷத்துலேர்ந்து பாடுறேன். உன் பியானோ ஏறி மிதிச்சா யாருக்குக் கேக்கும்?"

நான் சாம்பாரைப் பிசைந்தேன். விரல் ஐந்தும் பிசைந்தன.

21 ஆகஸ்ட், வியாழன்

நாஸியா என் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். கை என் மடியில் தொப்பென்று விழுந்தது. அவள் கைதட்டினாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவனும் சேர்ந்து தட்டினான்.

"இனி மாசம் ஒரு தடவ வந்தாப் போதும் தாத்தா. இவ்ளோ பாடுபட்டு, இனிமே யாருக்கு வாசிக்கப் போறீங்க? உங்க குழுவுல இப்ப யாரு இருக்காங்க?"

"சந்திரமதி," என்றேன்.