முடிக்குப் போட்ட மாத்திரை

மார்ச் 3

கடையில் இன்று ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதோரம் சரியாக உட்காருகிறதா என்று குனிந்து பார்த்தேன். "இப்பதாம்மா எல்லாம் பளிச்சுனு தெரியுது. உனக்கு உச்சியில முடியே இல்லையே!" என்கிறார். நான் செய்துகொடுத்த கண்ணாடியை வைத்தே என் மண்டையைப் பார்க்கிறார், பாவி மனுஷன். வந்த எரிச்சலில் அடுத்த ஆளின் கண்ணாடி ஃபிரேமை உடைத்துவிட்டேன்.

வரும் வழியில் முடி வளர மாத்திரை வாங்கினேன். இருப்பதிலேயே வீரியம் கூடியது. வைட்டமின்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 19

முடி கொட்டுவது நிற்கவில்லை. ஆனால் மாத்திரை டப்பா மட்டும் சீக்கிரம் காலியாகிறது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்! அக்கா வீட்டுக்காரர்தான். நான் தங்கியிருப்பதே அவர்கள் வீட்டில்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், தொப்பி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்ன மாமா இது?"

"சத்தம் போடாதே. கத்துக்க வர்றவன் எல்லாம் ரோட்டை விட்டுட்டு என் மண்டையப் பாக்குறான். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவருக்கென்று தனியாக ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார்.

ஏப்ரல் 8

நெற்றியோரம் ஏதோ முளைத்திருக்கிறதாம், தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றுமே இல்லை. "ஆமா மாமா, இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 21

காலையில் மாமாவுக்கு நெஞ்சை அடைத்தது. சட்டை முழுக்க வியர்வை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வழக்கமா ஏதாவது மாத்திரை எடுத்துக்கறாரா?" என்று நர்ஸ் கேட்டதும் அக்கா முந்திக்கொண்டாள். "தலைவலிக்குக்கூடத் தொடமாட்டாரு."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நிலைமையிலும்! நானும் வாயைத் திறக்கவில்லை. முடிக்குப் போடுவதெல்லாம் ஒரு மருந்தா?

"ஈசிஜில பெருசா ஒண்ணும் இல்ல. ஹார்ட்ல பாதிப்புன்னா ரத்தத்துல தெரியும், அதுவும் நார்மல். வாயுவா இருக்கும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அப்பாடா.

ஏப்ரல் 22

இடது தோள் குடைகிறது என்கிறார். படியேறினால் மூச்சு வாங்குகிறது. "அதான் ரிப்போர்ட்டே நார்மல்னு வந்துடுச்சே" என்று அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். எனக்கு மனசே சரியில்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 24



முடி கொட்டுவது தைராய்டாக இருக்குமோ என்று லேபுக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைப் பிரிக்கும் முன்னால் கேட்டாள். "முடிக்கு வைட்டமின் ஏதாவது போடறீங்களா? அப்ப இன்னைக்கு வேணாம். டோஸ் ஜாஸ்தின்னா சில டெஸ்ட் தப்பா காட்டும். டாக்டரக் கேட்டு, நிறுத்திட்டு வாங்க."

"எந்த டெஸ்ட்டு?"

"தைராய்டு... சில இடத்துல ஹார்ட் அட்டாக்குக்குப் பாக்குறதுகூட. இருக்கறத இல்லன்னு காட்டிடலாம்."

தெருவுக்கு ஓடிவந்து போன் போட்டேன். மாமா எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அக்கா எடுத்தாள்.

"மெதுவாப் பேசுடி. இப்பதான் வலி அடங்கி அசந்து தூங்குறாரு."

"எழுப்புக்கா! உடனே எழுப்பு!"

போனைக் கையில் வைத்துக்கொண்டே போனாள். "என்னங்க" என்றாள். "ஏங்க" என்றாள். பிறகு அவர் பேரைச் சொன்னாள் — இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஏப்ரல் 25

மாமா எழுந்திருக்கவில்லை.

மே 6

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் — "டெஸ்ட் நல்லாத்தானே வந்துச்சு?" நானும் தலையாட்டுகிறேன். சொல்லிவிடு, சொல்லித் தொலையேன்!

ஜூலை 30

அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பெரிய துக்கத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். இன்று சீப்போடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ என்னமோ போடுவியே, எனக்கும் வாங்கிட்டு வாடி."

சொன்னேன். டப்பாவிலிருந்து லேப் வரைக்கும், ஒன்று விடாமல். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை.

"நர்ஸ் கேட்டப்ப நீ என் பக்கத்துலதானடி நின்ன?"

"ஆமாக்கா."

அக்கா தலைவாரிக்கொண்டே இருந்தாள். வாரி முடித்துப் பின்னி, நுனியில் முடிச்சும் போட்டாள். பிறகு உள்ளே போய் என் துணிகளைப் பீரோவிலிருந்து எடுத்து என் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.