கடையில் நின்றதும் வேலையாம்

1993 மார்ச் 9, செவ்வாய்

தொழிற்சாலை மூடி வேலை இழந்த அருளப்பு அண்ணைக்கு அரசாங்கம் நீட்டித்திருந்த வேலையில்லாதோர் காப்புறுதிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அதிகாரியே இன்று, அவருக்காக விசாரித்த எனக்குத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.

தன் தாயின் செத்தவீட்டுக்காக அண்ணையின் ஊர் நண்பர் ஓடித்திரிந்தபோது, அவருடைய மளிகைக் கடையை அண்ணை இரண்டு நாள் சம்பளமில்லாமல் சும்மா பார்த்துக்கொண்டார். தான் சோம்பேறி இல்லை என்று காட்ட, அதை அதிகாரியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். அது வேலையாம். சம்பளத்தை மறைத்தாராம்!

"செத்தவீட்டுக்காரனிட்டைக் காசு வாங்கிறதோ, தம்பி? நான் என்ன மனிசனோ?" என்று எங்கள் பகுதிக்குப் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினார். அடுத்த மாத வாடகைக்கு அவரிடம் வழியில்லை.

முறையீட்டு விசாரணை வியாழக்கிழமை. சம்பளம் கொடுக்கவில்லை என்று கடைக்காரர் வந்து சொன்னால் போதும். வரிக்காரர் கடைக்கு வந்துவிடுவார்களோ என்று அவர் பயப்படுகிறார். யோசித்து நாளை சொல்வாராம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?