இரண்டு விரல் அளவு

போடிநாயக்கனூர்,
ஆனந்த வருஷம், ஐப்பசி மாதம்.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை பார்க்கும் என் மச்சானுக்கு, மூக்கம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தையும் மாடு கன்றுகளும் சேமம். அங்கே நீங்கள் சேமமா என்று கேட்டு எழுதியதற்குத்தான் ஆவணியிலிருந்து பதில் இல்லை.

ஓயாத வாய் என்று கேலி செய்வீர்களே, அது இப்போது அடங்கிக் கிடக்கிறது. சிரிக்க வேண்டாம். புரட்டாசியில் வலது காதுக்கு முன்னால் வலி கண்டது. அத்தை காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டார். வலி கேட்கவில்லை. சோற்றை மென்றால் தாடையில் டக்கென்று சத்தம். ஒருநாள் காலையில் கொட்டாவி விடப் போனேன், ஒரு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. தண்டட்டியின் கனம்தான் காதை இழுத்துத் தாடையைப் பூட்டிவிட்டது என்று அத்தை இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் அந்த மூளிக்காதோடு கிணற்றுக்குப் போய்விட்டேன். மலையில் காய்ச்சல் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிற நேரம். மருதாயி என் காதைப் பார்த்தாள், குடத்தைக் கீழே வைத்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதற்கு என்று எனக்கு உடனே புரியவில்லை. புருஷனை இழந்தவள்தான் தண்டட்டியைக் கழற்றுவாள் என்பது உறைத்தபோது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை, வீட்டுக்கு இழுத்துப் போய், "எம்மகன் மலையில இருக்கையில மூளிக்காதோட நிக்காதே ஆத்தா, வெரசா மாட்டிக்கோ" என்று அழுதார். வலித்தாலும் அன்றிலிருந்து கழற்றவில்லை.

பிறகு மிஷன் டாக்டரம்மாவிடம் போனோம். தாடைப் பூட்டில்தான் கோளாறு, தண்டட்டி மேல் குற்றமில்லை, தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிறேன் என்றார். உப்பு வறுத்து ஒத்தடம், கேப்பைக்கூழ், வெற்றிலை கூடாது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கவேண்டும். இப்போது இரண்டு விரல் திறக்கிறது, சத்தமும் குறைந்திருக்கிறது. மூன்று விரல் திறந்தால் குணமாம். ஆனால் விடிந்து எழுந்தால் தாடை மறுபடி இறுகிக் கிடக்கிறது. மனசில் என்ன கவலை என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை பக்கத்தில் இருந்ததால் ஒன்றுமில்லை என்றேன்.

போன வாரம் பொதிமாட்டோடு இறங்கிய சுருளிவேல் அண்ணனிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் குனிந்து மாட்டுக் கயிற்றையே சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

இந்தக் கடுதாசியும் அவர் கையில்தான் வருகிறது. காய்ச்சலில் கை நடுங்கினால் எழுத வேண்டாம். ஒரு துணியில் நாலு ஏலக்காயை முடிந்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கை முடிச்சு எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் என்னால் பல்லைக் கடிக்காமல் தூங்க முடியும். ஜக்கம்மா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
மூக்கம்மாள்