கையிருப்பு தங்கைக்கு

மார்ச் 3, திங்கள்

இன்று வக்கீல் அப்பாவின் உயிலைப் படித்தார். குளிர்பதனக் கிடங்கு அண்ணனுக்கு. நானும் அப்பாவும் இருந்த இந்த வீடு எனக்கு. வங்கியில் இருக்கும் ரொக்கம் தங்கைக்கு. எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்து உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் எனக்கே. "உன் மேல அப்பாவுக்கு எவ்வளவு நம்பிக்கை பாரு" என்று அண்ணன் தோளைத் தட்டினான். ஏதாவது வேலையைத் தலையில் கட்டும்போதுதான் என்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள். ஆபீஸிலும் அப்படித்தான்.

பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 14, சனி

கோர்ட் உத்தரவு வந்து, வங்கிக் கணக்கு என் கைக்கு வந்துவிட்டது. தங்கை காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனுக்குக் கிடங்கு இருக்கு, உனக்கு வீடு இருக்கு. நான் மட்டும் வெறுங்கையோட நிக்கிறேன், அக்கா."

அழுதாள். அவள் அழுதால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி. மொத்த ரொக்கத்தையும் அவள் கணக்குக்கு மாற்றிவிட்டேன். வக்கீலைக் கேட்கவில்லை. வீட்டு விஷயத்துக்கு வக்கீல் எதற்கு?

ஜூன் 15

நல்ல தூக்கம். பொறுப்பில் மூன்றில் ஒன்று முடிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

முடிந்தது நான்தான்.

கிடங்குக்கு மூன்று வருட வரி பாக்கி. மின்கட்டணம் பாக்கி. ஆட்களுக்கு இரண்டு மாதச் சம்பளம். எல்லாவற்றையும் 'அடுத்த மாசம்' என்றே அப்பா ஓட்டியிருக்கிறார். ஊரே பணக்காரர் என்று நினைத்த மனிதர். சொத்து இருந்தது, காசுதான் இல்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முதல்ல கடன், வரி, சம்பளம். மிச்சம் இருந்தாத்தான் பிள்ளைங்களுக்கு. இதுகூடக் கேக்காம பணத்தத் தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

"இப்ப என்ன பண்றது, சார்?"

"தங்கச்சிகிட்ட திருப்பிக் கேளுங்க. கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. இல்லன்னா, எடுத்துக் குடுத்த நீங்கதான் பொறுப்பு, உங்க வீட்ட வித்துக் கட்டுங்க. தொண்ணூறு நாள் டைம்."

கிடங்கு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறதாம். அண்ணன் கையை விரித்துவிட்டான். இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் வாடகைக்கு ரூம் தேட வேண்டுமா?

ஜூலை 13, ஞாயிறு

தங்கையிடம் கேட்டேன். "பிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டேனே. மூணு வருஷத்துக்குத் தொடவே முடியாது." கண் கலங்கினாள். நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 26, சனி

வீடு பார்க்க ஒருவர் வந்தார். என் படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இத இடிச்சிடலாம்" என்றார். "பாத்து இடிங்க, உள்ள தண்ணிக் குழாய் போகுது" என்றேன். என்ன ஜென்மம் நான்?

ஆகஸ்ட் 9, சனி

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். கையில் அளவு டேப்.

"வெளியாளுக்கு ஏன் குடுக்கணும், அக்கா? நாங்களே வாங்கிக்கிறோம். அவசரத்துக்கு விக்கிறதால விலை கொஞ்சம் குறைச்சுக்கோ. நீ மாடி ரூம்ல இருந்துக்கலாம்."

"பணம்?"

"டெபாசிட்ட உடைச்சிடலாம். வட்டிதானே போகும்."

சொல்லிவிட்டு ஜன்னலை அளந்தாள்.

அதாவது, அப்பா பணத்தில் அப்பா வீட்டை அவள் வாங்குவாள். அந்தப் பணத்தில் அப்பா கடனை நான் கட்டுவேன். பிறகு மாடி ரூமில் — அடிப்பாவி! தொடவே முடியாதுன்னு சொன்னியே! உன் கண்ணீருக்கு இன்னும் எத்தன தடவடி ஏமாறுவேன்?

இதில் ஒரு வார்த்தையும் அவளிடம் சொல்லவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தங்கைக்கு நோட்டீஸ் அனுப்பினேன். என் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. வக்கீல், "குளிருதா?" என்று ஏ.சி.யைக் குறைத்தார்.

ஆகஸ்ட் 27

பணம் முழுதும் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் போனில் கத்தினான். "கூடப்பொறந்தவளுக்கு நோட்டீஸா? கல்நெஞ்சுக்காரி!" அந்தப் பணத்தில்தான் உன் கிடங்குக்கு வரி கட்டப்போகிறேன் என்றேன். "அது வேற விஷயம்" என்றான்.

அக்டோபர் 17, வெள்ளி

எல்லாப் பாக்கியும் போன மாதமே, கெடுவுக்குள் தீர்ந்தது. வீடு தப்பியது. ரொக்கத்தில் மிஞ்சியதைத் தங்கைக்கு அனுப்பினேன். அதில் ஒரு பீரோ வாங்கலாம், அவ்வளவுதான். பெற்றுக்கொண்டதற்கான படிவத்தை அவள் வீட்டுக்காரர் வக்கீல் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. 'உயிலை நிறைவேற்றுபவருக்கு என்ன உறவு' என்ற இடம் மட்டும் காலி.

"காலியா விட்டா கோர்ட்ல வாங்க மாட்டாங்க. திருப்பி அனுப்பவா?" என்றார் வக்கீல்.

வேண்டாம் என்றேன். அவர் பேனாவை வாங்கி, 'தங்கை' என்று நானே எழுதினேன்.