இரண்டாம் சரணம்

12.7.88, செவ்வாய்

காலை பேட்ச்சுக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். பரீட்சை நெருங்கிவிட்டது, ஒருத்திக்காவது பயம் இருக்கிறதா என்றால் இல்லை. மூன்றாவது மிஷினில் ரிப்பன் சுற்றமாட்டேன் என்கிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மேற்குத் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்தாகிவிட்டது. என்னுடையது ரொம்பப் பழசு என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் நான் "டைப்பு டீச்சர்". வயசு முப்பத்தொன்பது, கல்யாணம் ஆகாதவள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூர் சபையில் மைக்கைப் பிடித்தால் நூற்றிருபது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த நோட்டிலும் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

16.7.88, சனி

தொண்டை இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ஆராதனை நடத்துகிறவர்களுக்குச் சனிக்கிழமை உபவாசம், மிளகுப் பால்கூடக் கூடாது.

நாளைக்கு என்ன பாட்டு என்று யோசிக்கவும் கூடாது. யோசித்தால் அது மாம்சம், ஆவி இல்லை. இது பாஸ்டர் சுவிசேஷமுத்து ஐயாவின் சட்டம். பாட்டு நோட்டை மைக் பக்கமே கொண்டுவரக் கூடாது, அந்த நிமிஷத்தில் ஆவியானவர் எதைக் கொடுக்கிறாரோ அதைத்தான் பாட வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் பாடுகிறேன். பாதி நாள் நிஜமாகவே கொடுத்திருக்கிறார். மீதி நாள்? சரி, தூங்கப் போகிறேன்.

17.7.88, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பிவிடுவேன்.

எழுந்து நின்றால் குரல் மேலே ஏறவே இல்லை. வில்பிரட் கிதாரில் சுருதி கொடுத்துவிட்டு என்னையே பார்க்கிறார். ஆவியானவர் கொடுத்தார் என்று எழுதினால் பொய். தொண்டைக்கு எட்டுகிற பாட்டாகத் தேடினேன், அதுதான் நடந்தது. அம்மா பாடிக்கொண்டிருந்த பழைய பாட்டு ஒன்று தாழ்ந்த சுருதியில் ஞாபகம் வந்தது. "வேறு கை வேண்டாமே, உம் கை போதுமே." பல்லவி பாடினேன், முதல் சரணம் பாடினேன். இரண்டாம் சரணம் — சுத்தமாக மறந்துவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. பல்லவிக்கே திரும்பினேன். மறுபடியும் பல்லவி. நான் யோசிக்கிறேன் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் பாதி சபை அழுகிறது. சிலர் பாயில் விழுந்து கிடந்தார்கள்.

முடிந்ததும் வில்பிரட் சொன்னார், "பதினோரு தடவை சிஸ்டர். என்ன அபிஷேகம்." இரும்புலியூர்க் கனகவல்லி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சபைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, லாரி ஓட்டுகிற அவள் புருஷன் சிட்டிபாபு வருவதில்லை. கையைப் பிடித்தவள் அழுதாள், போய்விட்டாள்.

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

24.7.88, ஞாயிறு

கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் கனகவல்லி எழுந்தாள்.

"மாருல கட்டி கீதுன்னு டாக்டரு சொன்னாரு. போன புதங்கெழம ஆபரேசனுக்குத் தேதி குடுத்தாங்கோ. போவட்டா வேணாமான்னு கர்த்தராண்ட கேட்டுகினே இருந்தேன். அக்கா வாயால பதினோரு தபா சொல்லிட்டாரு, வேற கை வேணாம்னு. நான் போவல."

சபையே எழுந்து கை தட்டியது. பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் தட்டினேன். என் கைதான் அது, வேறு யாருடையதும் இல்லை.

25.7.88, திங்கள்

சாயந்திரம் பேட்ச்சை விட்டுவிட்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாட்டு மறந்துபோனதைச் சொன்னேன், தொண்டையைச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டு ஆபரேஷனுக்குப் போகச் சொல்லுங்கள் ஐயா என்றேன்.

அவர் சிரித்தார். "கழுதையின் வாயைத் திறந்து பேச வைத்தவர் உன் தொண்டைவலியை உபயோகிக்க மாட்டாரா, சிஸ்டர்? போகாதே என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. போ என்றும் சொல்ல மாட்டேன். அவள் விசுவாசத்தில் நான் கை வைக்க மாட்டேன்." அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

வேதத்தில் வருகிற பிலேயாமின் கழுதை. பதினாறு வருஷம் பாடியதற்கு நல்ல பட்டம். ஆனால் அந்தக் கழுதை வழியில் வாளோடு நின்ற தேவதூதனைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னது. நான் எதைப் பார்த்தேன்?

3.8.88, புதன்

கனகவல்லி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "கனகா, எனக்கு அடுத்த அடி மறந்துபோச்சு. அதனாலதான் அதையே திருப்பித் திருப்பிப் பாடினேன். வேற ஒண்ணும் இல்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ மறந்துட்ட, சரிக்கா. மறக்க வெச்சது யாரு?"

அது நானே கற்றுக்கொடுத்த பாடம். தற்செயல் என்று ஒன்று கிடையாது என்று மைக்கில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

சபைக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். சொல்லவில்லை. சொன்னால் என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதைக் கூசாமல் எழுதவும் முடிகிறது, அதுதான் அசிங்கம்.

14.8.88, ஞாயிறு

எல்லாப் பாட்டையும் ஒவ்வொரு தரம்தான் பாடினேன். பாஸ்டர் முகம் சுளித்தார்.

6.9.88, செவ்வாய்

மத்தியானம் சிட்டிபாபு இன்ஸ்டிடியூட்டுக்கே வந்துவிட்டான். காக்கிச் சட்டை, கையில் மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றினான், ஏதோ கோயில் மாதிரி.

"சிஸ்டர், நான் சண்ட போட வர்ல. அக்குள்ல இன்னொரு கட்டி வந்துகீது. நான் சொன்னாலும் கேக்க மாட்டேன்றா, அவுங்க அம்மா சொன்னாலும் கேக்க மாட்டேன்றா. நீ பாடுனா கேப்பா. போன்னு ஒரு பாட்டு பாடேன்."

நினைத்தபடியெல்லாம் பாட முடியாது, அது ஆவியானவர் கொடுக்க வேண்டும் என்றேன். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய.

"போவாதேன்னு மட்டும் பாட முடிஞ்சுதா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களைப் பார்த்து, அடிங்கடி என்று கத்தினேன்.

10.9.88, சனி

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து அம்மாவின் பாட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். அம்மா போனபிறகு அதைத் திறந்ததே இல்லை. அபிஷேகம் உள்ளவளுக்கு நோட்டு எதற்கு? நாற்பத்திரண்டாம் பக்கம், பென்சில் எழுத்து.

"நீர் அனுப்பும் கைகளெல்லாம் உம் கைகள் அல்லவோ, தள்ளிவிட நான் யாரோ."

இரண்டாம் சரணம். இதுதான் அன்றைக்கு வராமல் போனது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. சாப்பிடத் தோன்றவில்லை, உபவாசம் தானாக நடந்தது.

11.9.88, ஞாயிறு

அதே பாட்டு, அதே தாழ்ந்த சுருதி. தொண்டை இன்று நன்றாகவே இருந்தது. பல்லவியை ஒரு தரம் பாடிவிட்டு நேராக இரண்டாம் சரணத்துக்குப் போனேன். அதையே பாடினேன். சேலைத் தலைப்புக்குள் விரலை மடக்கி எண்ணினேன், பதினோரு முறை. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கனகவல்லி முதலில் பாடிக்கொண்டிருந்தாள். நான்காவது தரம் நிறுத்தினாள். ஏழாவது தரம் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாஸ்டர், "இன்றைக்கு ஆவியானவர் நம் சகோதரியைப் பலமாக எடுத்து உபயோகித்தார்" என்றார். அன்றைக்கு மறதி, இன்றைக்குக் கணக்கு. ஜனங்கள் அன்றைக்கும் அழுதார்கள், இன்றைக்கும் அழுதார்கள். தேவன் பேசினார் என்று பொய் சொல்லி நிற்கிறவனுக்கு வேதத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

13.9.88, செவ்வாய்

சிட்டிபாபு போகிற வழியில் லாரியை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு என்று சொல்லிவிட்டுப் போனான்.

22.9.88, வியாழன்

போய்ப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். ஒரு பக்கம் முழுக்க எடுத்துவிட்டார்கள். ஜூலையிலேயே வந்திருந்தால் கட்டியோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக சிட்டிபாபு சொன்னான். உயிருக்குப் பயமில்லையாம். இனி மாதா மாதம் வர வேண்டுமாம்.

கனகவல்லி என்னைப் பார்த்ததும் கேட்டாள். "மொதல்ல வேணாம்னாரு. அப்பால போன்னாரு. நடுவுல ரெண்டு மாசம் ஏன்க்கா சும்மா இருந்தாரு?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம், அவர் தாங்குவார். முடியவில்லை.

"அவர் இல்ல கனகா, நான். மொதல்லயும் நான்தான், அப்புறமும் நான்தான். மொதல்ல மறந்தேன். அப்புறம் எண்ணிப் பாடினேன், நீ போகணும்னு."

இந்தத் தரம் மறக்க வைத்தது யார் என்று கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிட்டிபாபு கீழே வந்து டீ வாங்கிக் கொடுத்தான். அவன் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அய்யோ, அந்த டீய எப்பிடிக் குடிச்சேன்னே தெரியல.

16.10.88, ஞாயிறு

கனகவல்லி வரவில்லை. அவள் சாட்சியை பாஸ்டர் ஐயாவே சொல்லிவிட்டார். அதில் ஜூலை மாதம் இல்லை. ஒரு பாட்டு, ஒரு ஆபரேஷன், ஒரு அற்புதம்.

வெளியே என்னைச் சுற்றிக் கூட்டம். சபைக்கு வருகிற பேபி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "எங்க பொண்ணுக்குப் பொழிச்சலூர்ல இருந்து ஒரு வரன் வந்திருக்கு சிஸ்டர். பையன் குடிக்கிறான்னு காதுல விழுது. இருந்தாலும் கர்த்தருக்குச் சித்தமான்னு நீங்க ஒரு பாட்டுல கேட்டுச் சொல்லுங்க."

நான் என்ன கிளி ஜோசியமா, சீட்டு எடுத்துக் கொடுக்க? பையனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் போய் விசாரி என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

23.10.88, ஞாயிறு

அம்மாவின் நோட்டோடு மைக் முன்னால் நின்றேன். பாஸ்டர் நாற்காலியிலிருந்து மெதுவாகச் சொன்னார், "நோட்டைக் கீழே வை, சிஸ்டர்." வைக்கவில்லை. ஐந்து பாட்டு, எல்லாச் சரணமும், பார்த்துப் படித்துப் பாடினேன். எதையும் இரண்டாம் தரம் பாடவில்லை. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் விழவில்லை. முன் பாயில் செல்லம்மா கொட்டாவி விட்டதைப் பார்த்தேன்.

முடியும்போது ஜூலை மாதம் நடந்ததையும் மைக்கிலேயே சொன்னேன். பாதியில் மைக் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

30.10.88, ஞாயிறு

மைக்கில் வில்பிரட். எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

25.12.88, ஞாயிறு

கிறிஸ்துமஸ். பெண்கள் பக்கம், கடைசிப் பாய். கனகவல்லி வந்திருந்தாள், இளைத்துப்போய், மேலே சால்வை போர்த்திக்கொண்டு. என்னைத் தாண்டிப் போய் முன்னால் உட்கார்ந்தாள். அவள் மேல் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் வலித்தது.

வேறு சபைக்குப் போய்விடலாம். ஊரப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. அங்கேயும் பாடுவார்கள்.

22.1.89, ஞாயிறு

வில்பிரட் இன்று சில மாதமாகப் பாடாத பாட்டு ஒன்று எடுத்தார். "ஆம் என்பேனே, நீர் காட்டும் வழிக்கு ஆம் என்பேனே." இரண்டு தரம், மூன்று தரம், ஐந்து தரம். சபை சூடு பிடித்துவிட்டது. என் பக்கத்தில் பேபி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தாள். ஆறாவது தரம் என் தொடையைத் தட்டினாள். "எனக்குன்னே வருது சிஸ்டர். சரின்னு சொல்லிடப் போறேன்." கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் வில்பிரட்டைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை. கிதார்க் கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, கால் மட்டும் தரையைத் தேடுகிறது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டும் எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். மைக் இல்லை. தொண்டை இருக்கிற மட்டும் திறந்து, இரண்டாம் சரணத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன்.

பாஸ்டர் நிமிர்ந்து முறைத்தார். வில்பிரட் கண்ணைத் திறந்தார், தண்ணீரில் தத்தளித்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல அந்த அடியைப் பிடித்துக்கொண்டார். பேபி என்னை அண்ணாந்து பார்த்தாள். அவள் அழுகை நின்றுவிட்டிருந்தது.

உட்கார்ந்தபின் அவள் காதில் சொன்னேன், "அவருக்கு மறந்துபோச்சு, பேபி. பையனைப் போய் விசாரி."

முன்னால் கனகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டாம் சரணத்தை என்னோடு சேர்ந்து முதலில் பாடினது அவள் குரல்தான்.